நாலு பேர், ஒரே அட்டை: அஞ்சலில் சுற்றும் கொலாஜ் மூன்றாவது கைக்குப் போனதும் ஏன் குழம்பிவிடுகிறது?

#1 காகிதப்பூ

வணக்கம். ஓவியப் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்த நாலு பேர் இப்போது நாலு ஊரில் இருக்கிறோம். ஒருத்தி அச்சுக்கலை, ஒருத்தன் சிற்பம், இன்னொருத்தி கிராஃபிக் டிசைன். சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று அஞ்சல் கலை தொடங்கினோம். ஒருவர் ஒரு அட்டையில் எதையாவது ஒட்டியோ வரைந்தோ ஆரம்பிப்பார். அதைக் கவரில் போட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் தன் பங்கைச் சேர்த்து அதற்கடுத்தவருக்கு. நாலு பேர் கையும் பட்டதும் ஆரம்பித்தவருக்கே திரும்பி வரும்.

தபால் வரும் நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வேலையைப் பார்த்தால் மனசு நிறையவில்லை. இரண்டாவது ஆள் கை வைக்கும்வரை நன்றாக இருக்கிற அட்டை, மூன்றாவது கைக்குப் போனதும் குழம்பிவிடுகிறது. எங்கே பார்ப்பதென்றே தெரியாத நெரிசல். போன சுற்றில் ஒரு பழைய மரக்கதவின் மேல் தாளை வைத்து கிராஃபைட்டால் தேய்த்து எடுத்த பதிவை ஒட்டி அனுப்பினேன். திரும்பி வந்தபோது அதை முழுசாக மூடி ஒரு சிவப்புப் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. "அந்த இடத்துக்கு ஒரு பெரிய நிறம் தேவைப்பட்டது" என்கிறான் நண்பன். அவன்மேல் கோபமில்லை, ஆனால் வலிக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பருவத்துச் சமர்ப்பிப்பில் இதைச் சேர்க்க நினைத்தேன். "இதில் உன் வேலை எது?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

#2 மைவாசம்

அட்டை என்ன அளவு? என்ன கனம்? ஒட்டுவதற்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள்? ஒரு சுற்றில் ஒருவர் எவ்வளவு சேர்க்கலாம் என்று ஏதாவது பேசி வைத்திருக்கிறீர்களா?

#3 காகிதப்பூ

ஏ5 அளவு, 300 ஜி.எஸ்.எம். அட்டை, அக்கா. ஒருத்தி குளூ ஸ்டிக், மற்றவர்கள் வெள்ளைப் பசை. எவ்வளவு சேர்க்கலாம் என்று எந்த விதியும் வைக்கவில்லை. விதி வைத்தால் சுதந்திரம் போய்விடும் என்று நினைத்தோம்.

#4 பழையமுத்திரை

பல வருடமாக அஞ்சல் கலையில் இருக்கிறேன். நீங்கள் செய்வது இந்தக் கலையின் வேருக்கே அருகில் இருப்பது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அஞ்சல் கலை என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் அமெரிக்கக் கலைஞர் ரே ஜான்சன். அவரும் மாணவப் பருவத்தில், நண்பர்களோடுதான் ஆரம்பித்தார். 1943 வாக்கில், பள்ளி வயதிலேயே, ஆர்தர் செகுண்டா என்ற நண்பருக்குப் படம் வரைந்த கடிதங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். 1945இலிருந்து 1948 வரை பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஜோசப் ஆல்பர்ஸிடம் படித்தார். ஆல்பர்ஸ் நிறத்தைப் பெயின்ட்டை விட வெட்டிய வண்ணத்தாள்களை வைத்தே சொல்லிக்கொடுத்தவர். ஒரு தாளின் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்தால் இரண்டுமே மாறும் என்பதைக் கண்ணால் பார்க்க வைக்கும் பயிற்சி அது. கொலாஜுக்கு இதைவிட நல்ல அடிப்படை இல்லை என்பது என் எண்ணம்.

1950களில் ஜான்சன் சின்னச் சின்ன கொலாஜ்களை நண்பர்களுக்கு அனுப்பினார். பிறகு ஒரு தாளை அனுப்பி, "இதில் சேர்த்து எனக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்றோ, "சேர்த்து இன்னாருக்கு அனுப்புங்கள்" என்றோ குறிப்பு எழுதினார். இந்த வலைக்கு 1962இல் எட் பிளங்கெட் என்ற நண்பர் நியூயார்க் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல் என்று பெயர் வைத்தார்.

அவர் அனுப்பிய தாள்களைப் படங்களில் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முயல் தலை, நாலைந்து கோடு, கீழே ஒரு பெயர். மீதி முழுக்க வெள்ளை. வாங்குபவர் இறங்கி வேலை செய்ய இடம் விட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். உங்கள் நாலு பேரிடமும் நான் கேட்பது இதுதான்: அட்டையை அனுப்பும்போது அடுத்தவருக்கு என்ன விட்டுவைக்கிறீர்கள்? ஒவ்வொருவரும் அட்டையை முடித்துவிட்டு அனுப்பினால், அடுத்தவருக்கு மூடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. உங்கள் கதவுப் பதிவு அட்டையில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டது?

விதி பற்றியும் ஒரு வார்த்தை. கனவையும் தற்செயலையும் நம்பிய சர்ரியலிஸ்ட் கலைஞர்கள் 1925இல் பாரிஸில் ஒரு வீட்டில் கூடி விளையாடிய மடிப்புத் தாள் ஆட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரெத்தோன், தாங்கி, பிரெவேர் எல்லாம் இருந்தார்கள். ஒருவர் தலை வரைந்து தாளை மடித்துவிடுவார், அடுத்தவர் உடல், அதற்கடுத்தவர் கால். முன்னவர் வரைந்தது தெரியாது, மடிப்பைத் தாண்டி வரும் இரண்டு கோட்டு முனை மட்டும்தான் தெரியும். கடுமையான விதிதான், ஆனால் அதில் பிறந்த உருவங்களின் சுதந்திரம் விதியில்லாத விளையாட்டில் எளிதில் வராது. யாரும் யாரையும் மூடவும் முடியாது. ஒரு சுற்று இப்படிச் செய்து பாருங்கள். நீள அட்டையை நாலாக மடித்து, முன்னவர் பகுதியை உறை மாதிரி தாள் சுற்றி மூடி அனுப்பலாம். பிரித்துப் பார்ப்பதில்லை என்பது நாலு பேருக்குள்ளும் இருக்கிற நம்பிக்கை.

#5 வெட்டுக்கோடு

மேலே சொன்னதில் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை.

கொலாஜ் என்றாலே ஒன்றின்மேல் ஒன்று வருவது. 1912இல் பிக்காசோ நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஓவியத்தின்மேல் ஒட்டியபோதே அது தொடங்கிவிட்டது. ஜெர்மானியக் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸ் பயணச்சீட்டு, உறைத் துண்டு, செய்தித்தாள் என்று அடுக்கியவற்றில் கீழே என்ன இருந்தது என்பது பல இடங்களில் யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அந்தப் படங்களின் கனம். ஒருவர் செய்ததை ஒருவர் தொடாமல் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் அது தபால்தலை ஆல்பம், கூட்டு வேலை ஆகாது.

காகிதப்பூ, உங்கள் நண்பர் செய்தது துணிச்சலான செயல் என்றே நினைக்கிறேன். உங்கள் பதிவை ஒரு வடிவமாகப் பார்த்து, அதற்கு என்ன வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார். பத்திரமாக ஓரத்தில் ஒரு பூ ஒட்டி அனுப்புகிறவரைவிட அவர் அட்டையை மதித்திருக்கிறார்.

குழப்பத்துக்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பத்திரிகையிலிருந்து வெட்டும் புகைப்படத் துண்டுகள் பெரும்பாலும் நடுத்தர வெளிச்சம் கொண்டவை. அப்படிப் பத்துத் துண்டு சேர்ந்தால் எதுவும் முன்னே வராது, எதுவும் பின்னே போகாது. உங்கள் அட்டையை மொபைலில் படமெடுத்து கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பிரச்சினை அங்கேதான். அதற்கு ஒரே ஒரு பெரிய வெற்றுத்தாள், வெள்ளையோ கறுப்போ, போதும். உங்கள் நண்பரின் சிவப்புத் தாள் ஒருவேளை அந்த வேலையைத்தான் செய்ய வந்திருக்கும்.

#6 காகிதப்பூ

இப்போதுதான் மாற்றிப் பார்த்தேன். உண்மை. மூன்று அட்டைகள் முழுக்கச் சாம்பல். அந்தச் சிவப்புத் தாள் ஒட்டிய அட்டை மட்டும் கறுப்பு-வெள்ளையில் பார்க்கும்போது நிற்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நிற்கிறது.

ஆனாலும் என் கேள்வி போகவில்லை. அந்தப் பதிவு எங்கள் பழைய ஸ்டுடியோக் கதவு. அதன் தாழ்ப்பாள் பக்கம் யாரோ ஆணியால் கீறிய கோடுகள் உண்டு, நாங்கள் நாலு பேரும் தினமும் பார்த்தவை. அந்தக் கோடுகள் கிராஃபைட்டில் வெள்ளையாக வந்திருந்தன. பார்த்ததும் அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். அவன் கண்ணில் அது படவில்லை.

பழையமுத்திரை ஐயா கேட்டதற்கு: அட்டையில் முக்கால்வாசி இடம்.

#7 பழையமுத்திரை

வெட்டுக்கோடு சொன்ன வெளிச்ச அளவு விஷயம் சரி, அதை நான் சொல்லியிருக்கவில்லை. மூடுவது கொலாஜின் உரிமை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் தனியாக ஷ்விட்டர்ஸ் தன் சொந்தத் துண்டை மூடுவதும், நண்பர் அனுப்பிய துண்டை நாம் மூடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் அனுப்பியவர் அந்தத் தாளுக்குள் இருக்கிறார். அதற்காக மூடக் கூடாதென்று சொல்லவில்லை, பார்த்துவிட்டு மூடவேண்டும் என்கிறேன்.

காகிதப்பூ, மூடியது போய்விட்டது என்று யார் சொன்னது? அட்டை இப்போது உங்களிடம். கிழியுங்கள்.

ரேமோன் ஹேன்ஸ், ஜாக் வில்லக்லே என்ற இரு கலைஞர்கள் 1949இல் பாரிஸ் தெருச் சுவர்களிலிருந்து கிழிந்த போஸ்டர்களை உரித்தெடுத்து அதையே படைப்பாக வைத்தார்கள். அடுக்கடுக்காக ஒட்டிய போஸ்டர், மழையும் போகிறவர் கையும் கிழித்து, கீழே இருந்த எழுத்தும் முகமும் எட்டிப்பார்க்கும். ஒட்டுவதற்கு இணையாக உரிப்பதும் ஒரு செயல் என்று அவர்கள் காட்டிய பிறகு, கூட்டு கொலாஜில் "சேர்" என்ற ஒற்றைக் கட்டளை மட்டும் ஏன் இருக்கவேண்டும்? ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் ஒன்று சேர்க்கவும் ஒன்று எடுக்கவும் உரிமை கொடுங்கள்.

சிவப்புத் தாளில் அந்த ஆணிக் கீறல் இருக்கும் இடத்தை மட்டும் ஈரப்படுத்தி உரித்துப் பாருங்கள். முழுசாக வராது, வரவும் வேண்டாம்.

#8 மைவாசம்

உரிப்பதற்கு முன்னால் நில்லுங்கள். எந்தப் பசையால் ஒட்டினார் என்று கேளுங்கள். காய்ந்த வெள்ளைப் பசை வெறும் தண்ணீருக்கு எளிதில் இளகாது. இழுத்தால் கிராஃபைட் பதிவும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரைப் பஞ்சில் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்து, மேல் தாளின் நாரை விரலால் உருட்டி உருட்டி எடுங்கள். ஓர் அடுக்கு போனதும் நிறுத்திக் காயவிட்டு மறுபடி. முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். மாவுப் பசையாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை, ஈரத்துக்கு அது விட்டுக்கொடுக்கும். அடுத்த சுற்றிலிருந்து உரிக்க நினைக்கும் அடுக்குகளுக்கு மாவுப் பசையோ மெத்தில் செல்லுலோஸ் பசையோ போடச் சொல்லுங்கள். இரண்டுமே நீரில் இளகும்.

பசையைப் பேச ஆரம்பித்துவிட்டேன், முழுக்கச் சொல்லிவிடுகிறேன். அஞ்சலில் போகும் கொலாஜ் கெடுவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான்.

குளூ ஸ்டிக் சுத்தமாக இருக்கும், அட்டையை நெளிக்காது, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் கொஞ்ச காலத்தில் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். கவருக்குள் போகும்போது அந்த ஓரம்தான் முதலில் மடங்கும். ரப்பர் பசை வேண்டவே வேண்டாம், நாளாக நாளாக மஞ்சளாகிக் கறை இறங்கும், பிடியும் போய்விடும். வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து, அட்டையில் இல்லாமல் துண்டின் பின்பக்கம், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். ஒட்டியதும் மேலே ஒரு தாள் வைத்து நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் காற்று வெளியேறிவிடும்.

அட்டை வளைவது எல்லோரும் படும் பாடு. தாளின் நார்கள் ஒரு திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் அந்த நாருக்குக் குறுக்காகத்தான் தாள் அதிகம் விரியும், காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். தாளை இரண்டு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக உருள்கிறதோ, அந்த உருளையின் நீளவாக்கில் நார் ஓடுகிறது. பெரிய துண்டுகளை அட்டையின் நாரும் துண்டின் நாரும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள். அதன் பிறகும் வளைந்தால் பின்பக்கம் அதே அளவில் ஒரு தாள் ஒட்டுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகி நேராகிவிடும். பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு முழுக்க.

செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் வெயில் பட்டால் மஞ்சளாகும். அந்த மஞ்சள் வேண்டுமென்றால் சரி. வேண்டாமென்றால் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் பலவும் ஈரம் பட்டால் ஓடும், ஜெராக்ஸிலும் லேசர் பிரிண்டிலும் வரும் டோனர் பொடி ஓடாது. டோனர் பிரதியை அக்ரிலிக் ஜெல் தடவிக் கவிழ்த்து ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு ஈரமாக்கித் தாளை மட்டும் தேய்த்து எடுத்தால் படம் அட்டையில் தங்கும். இது உங்கள் குழுவுக்கு ரொம்பப் பயன்படும், ஏனென்றால் கீழே இருப்பது மறையாது, படத்தின் வெளிச்சப் பகுதிகள் வழியாகத் தெரியும். எழுத்து இருந்தால் முன்பே இடவலம் மாற்றி ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

அக்ரிலிக் பூசிய மேற்பரப்பு வெப்பத்தில் மறுபடி ஒட்டும். இரண்டு அட்டைகளை முகத்தோடு முகம் வைத்து அனுப்பாதீர்கள், நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். கரி, பேஸ்டல், கிராஃபைட் எல்லாவற்றுக்கும் ஃபிக்சேடிவ் (பொடி உதிராமல் பிடிக்கும் தெளிப்பு) அடிக்காமல் கவருக்குள் விடாதீர்கள்.

சிற்பம் படிக்கும் நண்பரிடம் சொல்லுங்கள்: பொத்தான், கம்பி, நாணயம் எதுவும் சாதாரணக் கவரில் வேண்டாம். தபால் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே புடைப்பு மாட்டினால் கவர் கிழியும், மற்றவர்கள் தபாலும் கெடும். அவருக்குப் புடைப்பு வேண்டுமென்றால் நூல் தைக்கலாம், முடிச்சைப் பின்பக்கம் தட்டையாக்கித் தாள் ஒட்டி மூடலாம். மையில்லாமல் அழுத்திய பதிவும் அழகாக இருக்கும். வேறு நாட்டுக்கு அனுப்பும் நாள் வந்தால் விதை, இலை வகைகள் வேண்டாம், தாவர நோய்த் தடுப்பு விதிகளில் மாட்டும்.

#9 சின்னப்பசை

இந்த இழையைப் பார்த்து நானும் ஆரம்பிக்க ஆசைப்படுகிறேன். கவர் இல்லாமல் வெறும் அட்டையாக அனுப்பலாமா? நானே வரைந்த ஸ்டாம்ப் ஒட்டினால் தப்பா?

#10 பழையமுத்திரை

தாராளமாக வெறும் அட்டையாக அனுப்பலாம், என்னைக் கேட்டால் அதுதான் இந்தக் கலையின் முழு ருசி. வழியில் விழும் முத்திரையும் கீறலும் படத்தில் சேர்ந்துவிடும். அட்டை 9 × 14 செ.மீ.க்குக் குறையக் கூடாது, அது சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் குறைந்தபட்ச அளவு. முகவரிப் பக்கத்தில் வலது பாதியும் கீழ் ஓரமும் சுத்தமாக இருக்கட்டும்.

கலைஞர் ஸ்டாம்புக்கு நீண்ட மரபு உண்டு. ஃபிளக்சஸ் என்ற கலைஞர் குழுவின் ராபர்ட் வாட்ஸ் 1961லேயே தாள் தாளாகச் செய்திருக்கிறார். உண்மையான தபால் தலையை அதன் இடத்தில் முழு மதிப்புக்கு ஒட்டுங்கள். உங்களுடையது முகவரிப் பக்கத்தில் வேண்டாம், படம் இருக்கும் பக்கத்தில் ஒட்டுங்கள். அசல் தலையைப் பார்த்து அப்படியே வரைவது மட்டும் கூடாது.

கூடவே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிரெஞ்சுக் கலைஞர் பென் வோத்தியே 1965இல் ஒரு போஸ்ட் கார்டு செய்தார். இரண்டு பக்கமும் முகவரிக் கோடுகள், இரண்டு பக்கமும் தபால் தலைக்கு இடம். இரண்டு வேறு ஆட்களின் முகவரியை எழுதிப் பெட்டியில் போட்டால் எவருக்குச் சேரும் என்பதைத் தபால்காரர்தான் முடிவு செய்யவேண்டும். அஞ்சல் கலையில் அஞ்சலே ஒரு கூட்டாளி என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

#11 சுவரோரம்

காகிதப்பூவின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. நான் கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன், சமர்ப்பிப்புகளை மதிப்பிடும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

"உன் வேலை எது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கூட்டு வேலையை மறுப்பதற்காகக் கேட்பதில்லை. ஒரு மாணவி எடுத்த முடிவுகளை அவர்கள் பார்க்கவேண்டும். முடிந்த அட்டையில் அந்த முடிவுகள் தெரியாது, நாலு கைகளும் கலந்துவிட்டன. ஆகவே அட்டையை மட்டும் வைக்காதீர்கள், அது கடந்து வந்த நிலைகளை வையுங்கள்.

கவர் வந்ததும், எதையும் தொடுவதற்கு முன் ஒரு படம். நீங்கள் முடித்ததும், கவரில் போடுவதற்கு முன் ஒரு படம். இரண்டும் ஒரே வெளிச்சத்தில், நேர் மேலிருந்து. இந்த இரண்டு படங்களுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் வேலை. நாலு பேரும் இதைச் செய்தால் ஒவ்வொருவருக்கும் தன் பங்கு தெளிவாகக் கிடைக்கும்.

என் மாணவர்களிடம் நான் கேட்கும் இன்னொன்றும் உண்டு. முடிந்த அட்டையின்மேல் டிரேசிங் பேப்பரைப் போட்டு, நீங்கள் சேர்த்தவற்றின் எல்லைகளை மட்டும் ஒரே பென்சில் கோட்டால் வரையுங்கள். உரித்த இடங்களைப் புள்ளிக் கோட்டால். அதைத் தனியாகச் சுவரில் பார்க்கும்போது, ஒருவர் எப்போதும் மூலைகளுக்கே போகிறாரா, எப்போதும் நடுவையே பிடிக்கிறாரா, மற்றவர் கோட்டின் முனையிலிருந்து தொடர்கிறாரா என்பது பளிச்சென்று தெரியும். தனியாகச் செய்யும் வேலையில் ஒரு மாணவிக்குத் தன் பழக்கம் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. மதிப்பெண்ணைவிட இது பெரிய வரவு.

கூட்டு அஞ்சல் வேலை பெரிய சுவர்களுக்குப் போயிருக்கிறது என்பதையும் உங்கள் ஆசிரியர்களிடம் சொல்லலாம். 1970இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஜான்சனின் நியூயார்க் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூலுக்குக் கண்காட்சி வைத்தபோது, அவருடைய வலையில் இருந்தவர்கள் அனுப்பியவைதான் காட்சியானது. 1975 வாக்கில் இங்கிலாந்தில் கேட் வாக்கரும் சாலி கோலப்பும் ஊர் பிரிந்ததால் சின்னச் சின்ன வேலைகளைத் தபாலில் பரிமாறத் தொடங்கினார்கள். பிள்ளை வளர்த்துக்கொண்டு சமையலறை மேசையில் வேலை செய்த பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். ஸ்டுடியோ இல்லாதவர்களுக்குத் தபால்தான் ஸ்டுடியோவாக இருந்தது. 1977இல் லண்டனில் ஐ.சி.ஏ. என்ற சமகாலக் கலை மையத்தில் அந்த வேலைகள் காட்சிக்கு வந்தன.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: இந்த அட்டைகளை யார் காட்சிக்கு வைக்கலாம், யாருடைய போர்ட்ஃபோலியோவில் வரலாம், விற்கலாமா என்பதை இப்போதே, நட்பு நன்றாக இருக்கும்போதே, நாலு பேரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வைத்தாலும் நாலு பெயரும் வரவேண்டும்.

#12 வெட்டுக்கோடு

சுவரோரம் மேடம் சொன்ன டிரேசிங் பேப்பர் யோசனையை நான் என் தனி வேலைக்கே செய்து பார்க்கப் போகிறேன்.

எனக்கு உண்மையாகவே பதில் வேண்டிய ஒரு கேள்வி. இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் தபால்? ஸ்கேன் பண்ணி அனுப்பினால் மூடினாலும் அடுக்கு அப்படியே இருக்கும், எவர் வேலையும் அழியாது, தொலையாது. காகிதப்பூவின் கதவும் பத்திரமாக இருந்திருக்கும்.

#13 பழையமுத்திரை

அதனால்தான். எதுவும் அழியாத இடத்தில் ஒரு முடிவுக்கு எடை கிடையாது. உங்கள் வார்த்தையிலேயே, அந்த நண்பர் துணிந்தார். பின்னால் போகும் பட்டன் இருந்தால் அதில் என்ன துணிச்சல்?

தபாலில் போகும் பொருளுக்கு முதுகு உண்டு. ஈரத்தில் பின்பக்கம் ஊடுருவிய மை, ஒட்டும்போது பதிந்த விரல், அஞ்சல் முத்திரையின் தேதி எல்லாம் சேர்ந்து வருகின்றன. அட்டையை வாங்குபவர் அதைக் கையில் திருப்பிப் பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார்.

இதற்கு மேல் ஒரு காரணமும் இருக்கிறது, நான் மிகவும் மதிக்கும் காரணம். 1970களில் லத்தீன் அமெரிக்காவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் கண்காட்சி வைக்க முடியாத, பயணம் போக முடியாத கலைஞர்களுக்குக் கவர்தான் வெளியுலகம். போலந்தில் 1971இல் கோஸ்வோவ்ஸ்கி, கோஸ்தொவோவ்ஸ்கி என்ற இருவர் தணிக்கையைத் தாண்டிக் கலைஞர்கள் நேரடியாகப் பரிமாறிக்கொள்ள ஓர் அழைப்பை முகவரிப் பட்டியலோடு சுற்றுக்கு விட்டார்கள். உருகுவேயில் அஞ்சல் கலைஞர்கள் கிளெமென்தே பதீன், ஹோர்கே கரபாயோ இருவரையும் ராணுவ ஆட்சி 1977இல் சிறையில் போட்டது. விடுதலை கேட்டு உலகின் பல மூலைகளிலிருந்து அஞ்சல் கலைஞர்கள் கடிதமும் அட்டையும் அனுப்பினார்கள். ஒரு அட்டை கைக்குக் கை போவது அப்போது அத்தனை முக்கியமாக இருந்தது. நாம் பாதுகாப்பாக உட்கார்ந்து ஒட்டினாலும் அந்த வழியில்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அஞ்சல் கலைக் கண்காட்சிகளில் பொதுவாகத் தேர்வுக்குழு கிடையாது, கட்டணம் கிடையாது, வந்தது எல்லாம் சுவருக்குப் போகும், பங்கெடுத்தவர் அனைவருக்கும் பட்டியல் போகும். அந்த வழக்கத்தையும் நான் இந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்கிறேன்.

#14 மைவாசம்

தொலைந்துபோகும் பயம் இருப்பவர்களுக்கு இரண்டு வழியையும் சேர்த்த ஒரு வழி உண்டு. ஜப்பானில் ரியோசுகே கோஹன் 1985இலிருந்து செய்துவருகிறார். பலர் அனுப்பும் சின்னப் படம், முத்திரை, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்துப் பிரதிகள் எடுத்து, பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவார். நாலு பேர் குழுவுக்கு இது எளிது. ஒவ்வொருவரும் தன் பக்கத்தை நாலு பிரதி எடுத்து ஒருவருக்கு அனுப்பட்டும், அவர் நாலு கட்டாகத் தைத்து மூன்றைத் திருப்பி அனுப்பட்டும். அச்சுக்கலை படிக்கும் தோழிக்கு இது கைவந்த வேலை.

#15 காகிதப்பூ

எல்லாவற்றையும் அவர்கள் மூவருக்கும் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசினோம். முடிவானது இவை: ஒரு சுற்றில் ஒருவர் உள்ளங்கை அளவுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒன்று சேர்த்தால் ஒன்று உரிக்கலாம். மூடுகிறவர் கீழிருப்பதில் விரல் நுழையும் அளவுக்காவது திறந்து வைப்பார். அட்டையின் பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதில் பெயர், தேதி, என்ன சேர்த்தோம், என்ன எடுத்தோம். இருவர் "போதும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அட்டை அங்கேயே நிற்கும். வருடக் கடைசியில் அக்கா சொன்ன தைத்த கட்டு.

சிவப்பு அட்டையையும் சொல்லவேண்டும். நண்பன் வெள்ளைப் பசைதான் போட்டிருக்கிறான். அக்கா சொன்னபடி பஞ்சு வைத்து உருட்டினேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் சிவப்பு முழுசாகப் போகவில்லை. நார் நாராக இளஞ்சிவப்பாக நின்றுவிட்டது, அதனடியில் கிராஃபைட் சாம்பல், அதில் மூன்று வெள்ளைக் கீறல்கள். ஓரத்தில் பத்திரிகை எழுத்து இரண்டு பாதியாக மிஞ்சியிருக்கிறது. முன்பிருந்த என் பதிவைவிட இது நல்ல படம் என்று இப்போது மனசார நினைக்கிறேன். படமெடுத்து அனுப்பியதும் அவன் உடனே கூப்பிட்டு, "அது நம்ம கதவா?" என்றான்.

இன்னும் ஒரே சந்தேகம். எங்களில் ஒருத்தி ரொம்பத் தாமதம் செய்வாள். அட்டை அவளிடம் போனால் மற்ற மூன்று பேரும் கை கட்டிக் காத்திருக்கிறோம். தினமும் கேட்டால் அவளுக்கும் சங்கடம். என்ன செய்யலாம்?

#16 மைவாசம்

ஒரே அட்டையைச் சுற்ற விடுவதால் வரும் சிக்கல் அது. நாலு பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு அட்டை ஆரம்பியுங்கள். இரண்டு அட்டை வலமாக, இரண்டு இடமாகப் போகட்டும். அவளிடம் ஒன்று நின்றாலும் உங்கள் மேசையில் பெரும்பாலும் வேறொன்று இருக்கும். ஒவ்வொரு கவருக்குள்ளும் அடுத்தவர் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய காலிக் கவரையும் வைத்து அனுப்புங்கள். தாமதம் செய்பவர்கள் பலர் வேலையில் தாமதிப்பதில்லை, கவர் தேடி, ஸ்டாம்ப் வாங்கப் போவதில்தான் தாமதிக்கிறார்கள்.

#17 காகிதப்பூ

அதுதான் அவள் கதை! இன்றைக்கே நாலு கவர் எழுதுகிறேன் அக்கா.

#18 சின்னப்பசை

மடிப்புத் தாள் ஆட்டத்துக்கு எனக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். விருப்பமிருப்பவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள், முதல் தாளை நானே மடித்து அனுப்புகிறேன்.

#19 வெட்டுக்கோடு

நான் வருகிறேன். கால் பகுதி எனக்கு.